மோட்டாரை முதலில் வாங்காதீர்கள்!

கல்லூரி டெக்னிகல் விழாக்களில் ரிமோட் படகுப் போட்டி பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன காட்சி. மைதானத்தின் ஓரத்தில் மணல் மூட்டை அடுக்கி, நீலத் தார்ப்பாய் விரித்து, முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் விட்டிருப்பார்கள். தெர்மோகோல், பிவிசி ஷீட், ஃபெவிக்விக் என்று கையில் கிடைத்ததை வைத்து ராத்திரி பகலாகச் செய்த படகுகள் வரிசையாக நிற்கும். விசில் ஊதுவார்கள். முதல் பத்து நொடி ஒரே ஆரவாரம். பதினோராவது நொடியில் ஒரு படகு நடுத்தண்ணீரில் நின்றுவிடும். பையன்கள் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி அதைத் தூக்கி வருவார்கள். மூடியைத் திறந்தால் புகை. மூக்கைத் துளைக்கும் கருகல் வாசனை.

"என்னாச்சுடா?"

"பவர் பத்தல மச்சி. அடுத்த வருஷம் மோட்டார் பெரிசா போட்டுடலாம்."

இந்தக் கட்டுரை சண்டை போடுவது அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான்.

படகு நின்றது பவர் பத்தாமல் இல்லை. பவர் அளவுக்கு மீறிப் போனதால்தான் நின்றது! வாலில் மாட்டிய ப்ரொப்பல்லர் மோட்டாரால் தாங்க முடியாத வேலையைக் கேட்டது. மோட்டார் அந்த வேலைக்காகப் பேட்டரியிடம் அளவில்லாமல் கரன்ட் கேட்டது. நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்பீடு கன்ட்ரோலர் (இஎஸ்சி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்) கருகியது. அந்த இடத்தில் இன்னும் பெரிய மோட்டாரை வைத்தால் என்ன ஆகும்? இன்னும் பெரிய புகை வரும். அவ்வளவுதான்.

போர்வெல் போட்டவரைக் கேளுங்கள்

இந்த விஷயம் புரிய இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. தர்மபுரி மாவட்டத்தில் காரிமங்கலம் பக்கம் எந்த விவசாயியைக் கேட்டாலும் போதும். ஆயிரம் அடி ஓட்டை போட்டாலும் தண்ணீர் வருமா வராதா என்று தெரியாத பூமி இது. இங்கே ஒருவர் கடைக்குப் போய் "சப்மெர்சிபிள் மோட்டார் ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் உடனே பில் போடமாட்டார். "எத்தனை அடி போருங்க? தண்ணி எத்தனை அடியில நிக்குது? எத்தனை இஞ்சு தண்ணி வருது? பைப்பு என்ன சைஸு? லைன்ல வோல்டேஜ் நிக்குதா?" என்று வரிசையாகக் கேட்பார். பதிலெல்லாம் வந்த பிறகுதான் எத்தனை எச்பி, எத்தனை ஸ்டேஜ் என்ற பேச்சே ஆரம்பிக்கும்.

கவனியுங்கள். கேள்விகள் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கின்றன. மோட்டார் கடைசியில்தான் வருகிறது.

ஒரு இஞ்சு தண்ணீர்கூட வராத போரில் பெரிய மோட்டாரை இறக்கினால் அரை மணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் வெறும் குழாயில் ஓடும். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் ஓட்டினால் அதே வேலைக்கு மோட்டார் அதிகக் கரன்ட் இழுக்கும், சூடாகும், காயில் போகும். "காயில் போச்சு" என்ற இரண்டு சொல்லில் எத்தனை குடும்பத்தின் ஒரு போக வருமானம் கரைந்திருக்கிறது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் கேள்வி கேட்டு வாங்குகிறார்கள்.

அதே வீட்டுப் பையன் கல்லூரிக்குப் போய் ரிமோட் படகு செய்யும்போது மட்டும் ஆன்லைனில் முதலில் மோட்டாரைத் தேடுகிறான்! தாத்தாவுக்குத் தெரிந்த விஷயம் பேரனுக்கு எப்படி மறந்தது?

காம்போ என்ற பொறி

மறக்கவைத்ததில் பெரிய பங்கு "காம்போ"வுக்கு உண்டு. ஏ2212 என்ற மோட்டார், 30 ஆம்பியர் இஎஸ்சி, 1045 ப்ரொப்பல்லர் என்று ஒரே பொட்டலமாக விற்பார்கள். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். அதனால் ப்ராஜெக்ட் என்றாலே பையன்கள் இதைத்தான் எடுக்கிறார்கள்.

பொட்டலத்தில் குறை இல்லை. ஆனால் அது ட்ரோனுக்கும் சின்ன விமானத்துக்கும் பொருத்திய பொட்டலம். 1045 என்றால் 10 இஞ்சு விட்டம், 4.5 இஞ்சு பிட்ச் உள்ள காற்று விசிறி. அந்த விசிறி சுற்றும்போது வரும் காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்கிறது. பையன்கள் விசிறியைக் கழற்றிவிட்டு, அதே மோட்டாரில் தண்டு மாட்டி, முனையில் தண்ணீர் ப்ரொப்பல்லரைப் போட்டு, மோட்டாரைப் படகுக்குள் காற்றே புகாமல் டேப் ஒட்டி மூடுகிறார்கள். தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போலச் சுமார் 800 மடங்கு. அதிலும் தண்ணீர் ப்ரொப்பல்லரின் இலைகள் அகலமாகவும் சாய்வு அதிகமாகவும் இருக்கும். ஆக, சுமை வேறு, குளிர்ச்சி கிடையாது. வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடச் சொன்ன மாதிரி!

இதில் இன்னொரு தப்பான நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. "இஎஸ்சி 30 ஆம்பியர்தானே, அதுக்கு மேல விடாது" என்கிறார்கள். இஎஸ்சி ஃபியூஸ் கிடையாது. 30 என்பது அது தாங்கும் அளவு. தடுக்கும் அளவு என்று நினைத்தால் மோசம் போவீர்கள். ஏ2212 விற்கும் பக்கங்களில் மோட்டாரின் அளவு 12 ஆம்பியர், அதுவும் 60 நொடிக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கும். 30-ஐப் படித்தவர்கள் 12-ஐப் படிப்பதில்லை.

நாலு பேர், ஒரு கணக்கு

காமர்ஸ் பாஷையில் சொன்னால் சுலபம். பேட்டரிதான் கையிருப்பு. ப்ரொப்பல்லர்தான் செலவு செய்கிற ஆள். மோட்டார் நடுவில் நிற்கும் ஏஜென்ட், கமிஷனை வெப்பமாக எடுத்துக்கொள்வார். இஎஸ்சி கேஷியர். இந்தக் கேஷியர் யாரையும் "ஏன் இவ்வளவு?" என்று கேட்கமாட்டார். கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார், முடியாதபோது மயங்கி விழுவார்.

செலவைத் தீர்மானிப்பது யார் என்று பார்த்தீர்களா? ப்ரொப்பல்லர். ஆனால் எல்லோரும் கடைசியில் "ஏதோ ஒண்ணு" என்று வாங்குவதும் அதைத்தான்.

ப்ரொப்பல்லர் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. அது விழுங்கும் சக்தி, சுற்றும் வேகத்தின் மூன்றாம் மடிக்கும், விட்டத்தின் ஐந்தாம் மடிக்கும் ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி 8 மடங்கு. விட்டம் இரண்டு மடங்கானால் 32 மடங்கு. "30 மில்லிமீட்டருக்குப் பதில் 36 போட்டேன், ஆறு மில்லிமீட்டர்தானே" என்று சொல்பவர் கவனிக்க: விட்டம் 1.2 மடங்கு. 1.2-ஐ ஐந்து முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 2.5. அதே வேகத்தில் சுற்ற வேண்டுமானால் இரண்டரை மடங்கு சக்தி வேண்டும். ஆறு மில்லிமீட்டருக்கு!

பேட்டரியிலும் இதே கதைதான். 3 செல் லிப்போவின் சராசரி 11.1 வோல்ட், 4 செல் 14.8 வோல்ட். "ஒரு செல் கூடப் போட்டா கொஞ்சம் ஸ்பீடு கிடைக்கும்" என்பார்கள். வோல்டேஜ் 1.33 மடங்கானால் சுழற்சியும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். ப்ரொப்பல்லரை மாற்றாவிட்டால் சக்தி 1.33-இன் மூன்றாம் மடி, அதாவது சுமார் 2.4 மடங்கு. கரன்ட் சுமார் 1.8 மடங்கு. 20 ஆம்பியரில் சுகமாக ஓடிய படகு 36 ஆம்பியர் கேட்கும். 30 ஆம்பியர் கேஷியர் மயங்குவாரா மாட்டாரா? வெப்பம் இன்னும் மோசம். கம்பியில் உண்டாகும் சூடு கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் 1.8 மடங்கு கரன்ட்டுக்கு மூன்று மடங்குக்கு மேல் சூடு.

அடுத்தது மோட்டார் மேல் எழுதியிருக்கும் கேவி. பலர் இதைக் கிலோவோல்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாமல், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் கேவி. 2000 கேவி மோட்டாரை 11.1 வோல்ட்டில் ஓட்டினால் 22,200 சுற்று. கேவி கூடினால் வேகம் கூடும், ஆனால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு விசை குறையும். எனவே "அதிக கேவி நல்ல மோட்டார்" என்பது, அதிக உயரமான மாடு நல்ல மாடு என்பது போல. காரிமங்கலம் சந்தையில் உழவுக்கு மாடு பிடிப்பவர் உயரத்தை மட்டும் பார்த்து வாங்குவாரா? வீட்டில் நிற்கும் மாட்டுக்கு ஜோடி சேருமா என்று பார்ப்பார். நுகத்தடியில் ஒன்று உயரம், ஒன்று குட்டை என்றால் இரண்டுக்கும் கழுத்துப் புண்தான் மிச்சம்.

இனி அந்த 2000 கேவி மோட்டாரை ஒரு படகில் வைத்துப் பார்க்கலாம். சுமையோடு 18,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ரொப்பல்லர் 40 மில்லிமீட்டர் விட்டம், பிட்ச் அதன் 1.4 மடங்கு, அதாவது 56 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 56 மில்லிமீட்டர் என்றால் கணக்குப்படி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம்! ஆனால் படகு எப்படிப்பட்டது? 60 சென்டிமீட்டர் நீளத்தில் கனமான தெர்மோகோல் பெட்டி. தண்ணீரைக் கிழித்துப் போகும் இந்த மாதிரி உடலுக்கு நீளத்தைப் பொறுத்து ஒரு இயல்பான வேகம் உண்டு. 60 சென்டிமீட்டருக்கு அது மணிக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர். அதற்கு மேல் தள்ளினால் படகு தானே எழுப்பிய அலையில் தானே ஏற வேண்டும். தண்ணீர் மேல் வழுக்கிப் போகிற மாதிரி அடிப்பாகம் தட்டையாகவும் எடை குறைவாகவும் இருந்தால்தான் அதைத் தாண்ட முடியும். 3.5-க்குச் செய்த உடம்பில் 60-க்குச் செய்த இதயம். என்ன ஆகும்? மூக்குத் தூக்கும், முன்னால் அலை மலையாக எழும், தண்ணீர் உள்ளே வரும், கரன்ட் எல்லாம் நுரையாகப் போகும்.

பெரியவர்களும் தவறினார்கள், ஆனால் திருத்திக்கொண்டார்கள்

இது பொம்மைப் படகுக்கு மட்டுமான பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நீராவி டர்பைனைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ் 1894-ல் 'டர்பினியா' என்ற கப்பலைத் தண்ணீரில் இறக்கினார். அவர் டர்பைன் அளவுக்கு அன்று வேகமாகச் சுற்றும் கப்பல் எஞ்சின் வேறு இல்லை. ஆனால் முதல் ஓட்டங்களில் கப்பல் 20 நாட் வேகத்தைக்கூட எட்டவில்லை. எஞ்சினில் பலம் இருந்தது. தண்ணீரில் அது சேரவில்லை. ப்ரொப்பல்லர் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றியதால் அதன் இலைகளில் அழுத்தம் குறைந்து, தண்ணீர் ஆவிக் குமிழிகளாகி, ப்ரொப்பல்லர் தண்ணீரைப் பிடிக்காமல் குமிழியைக் கடைந்துகொண்டிருந்தது.

"இன்னும் பெரிய எஞ்சின் போடு" என்று அவரும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1895-ல் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன தண்ணீர்த் தொட்டிச் சுரங்கம் கட்டி, சின்ன ப்ரொப்பல்லரைச் சுற்றவிட்டு, குமிழி எங்கே உண்டாகிறது என்று உட்கார்ந்து பார்த்தார். பிறகு வேலையை மூன்று டர்பைன், மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று ப்ரொப்பல்லர் என்று பிரித்தார். 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக ஸ்பிட்ஹெட்டில் நின்ற கடற்படை அணிவகுப்புக்கு நடுவே 34 நாட் வரை ஓடக்கூடிய அந்தக் கப்பல் புகுந்து புறப்பட்டது. பிடிக்கப் போன படகுகளால் எட்ட முடியவில்லை.

இந்தியாவுக்கு வரலாம். கேரளாவில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற சோலார் படகு ஓட ஆரம்பித்தது. 20 மீட்டர் நீளம், 75 பேர் உட்காரலாம். மோட்டார் எவ்வளவு தெரியுமா? 20 கிலோவாட்டில் இரண்டு. மொத்தம் 40 கிலோவாட், சுமார் 54 குதிரைத்திறன். குடும்பத்தோடு ஐந்து பேர் போகும் பல சாதாரண கார்களின் எஞ்சின் இதைவிடப் பெரியது! உடலை ஒல்லியான இரட்டைப் படகாக வடிவமைத்து, எடையைக் குறைத்து, எவ்வளவு வேகம் போதும் என்று முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு மோட்டாரைத் தேடியதால்தான் இது நடந்தது. முதலில் பெரிய மோட்டாரை வாங்கியிருந்தால் அதற்குப் பெரிய பேட்டரி, பேட்டரியைச் சுமக்கப் பெரிய படகு, பெரிய படகைத் தள்ள இன்னும் பெரிய மோட்டார் என்று குரங்குக் கதையாகியிருக்கும்.

மாணவர்களால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: கோயம்புத்தூர் குமரகுரு கல்லூரி மாணவர்களின் 'சீ சக்தி' அணி 2022-ல் 'யாளி' என்ற படகோடு மொனாக்கோ எனர்ஜி போட் சேலஞ்சில் கலந்துகொண்டது. அந்தப் போட்டியின் எனர்ஜி பிரிவு விதி அழகானது. எல்லா அணிக்கும் ஒரே மாதிரி இரட்டை மிதவை உடல் கொடுத்துவிடுவார்கள். பயன்படுத்தும் மின்சக்திக்கும் வரம்பு உண்டு. பெரிசாகப் போட்டு ஜெயிக்க வழியே இல்லை. மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, ப்ரொப்பல்லர் நான்கையும் யார் நன்றாகப் பொருத்துகிறார்களோ அவர்களுக்குத்தான் வழி.

சில சப்பைக்கட்டுகள்

"பெரிய மோட்டார் வாங்கிட்டு த்ராட்டிலைப் பாதியில வச்சா போதுமே?"

போதாது. பாதி த்ராட்டிலில் இஎஸ்சி கரன்ட்டை வெட்டி வெட்டித்தான் அனுப்புகிறது. பேட்டரியிலிருந்து வருவதைவிட அதிகக் கரன்ட் அப்போது மோட்டார் கம்பியில் ஓடும். மீட்டரில் கம்மியாகத் தெரியும், இஎஸ்சி உள்ளே வெந்துகொண்டிருக்கும். போதாததற்கு, போட்டி நாளில் பக்கத்துப் படகு முந்தினால் எந்தப் பையனின் கட்டைவிரல் பாதியில் நிற்கும்? :-)

"கொஞ்சம் ரிசர்வ் இருக்கட்டுமே?"

ரிசர்வ் தேவைதான். ஆனால் அது வேண்டிய இடம் இஎஸ்சியும் பேட்டரியும். குளத்தில் ஒரு ஆகாயத்தாமரை வேர் ப்ரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் மோட்டார் நின்றுவிடும். நின்ற மோட்டார் சுற்றும் மோட்டாரைவிட ஆபத்து. மொத்தத் தடை 0.1 ஓம் என்றால் 11.1 வோல்ட்டில் 111 ஆம்பியர் பாயும். அதைச் சில நொடி தாங்கவும், ஃபியூஸ் போடவும்தான் ரிசர்வ். ப்ரொப்பல்லரில் ரிசர்வ் வைப்பது கடன் வாங்கி விருந்து வைப்பது.

"எரிச்சுத்தான் கத்துக்கணும், அதுதான் பிராக்டிகல்!"

இந்த வசனத்தைச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி. யார் காசில்?

யார் காசில்?

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். வீட்டில் வசதி உள்ள பையனுக்கு ஒரு இஎஸ்சி எரிந்தால் அடுத்தது இரண்டு நாளில் கொரியரில் வரும். மூன்றாவது எரியும்போது அவனுக்கு ஏதோ புரிந்திருக்கும். அது அவனுக்குக் கல்வி. காரிமங்கலத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பையனுக்கோ ஒரு செட்டுக்கே அப்பாவின் சில நாள் கூலியைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் செட் எரிந்ததும் அவன் கதை முடிந்தது. ஊருக்குப் போகும் பஸ்ஸில் அவன் எடுக்கும் முடிவு "ப்ரொப்பல்லர் நாலு மில்லிமீட்டர் பெரிசு" என்பதாக இருக்காது. "இதெல்லாம் நமக்கு வராது" என்பதாக இருக்கும். ஒரு பெருக்கல் கணக்கை யாரும் சொல்லித்தராததால் ஒருவன் தன்னைப் பற்றியே தப்பான முடிவுக்கு வருகிறான். எரிந்த இஎஸ்சியை விட இந்த நஷ்டம் பெரியது. எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் இது வராது.

பணம் போனால் சம்பாதிக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் லிப்போ பேட்டரி விளையாட்டுப் பொருள் இல்லை. செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டி ஏற்றினாலோ, 3 வோல்ட்டுக்குக் கீழ் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றினாலோ, அடிபட்டு நசுங்கினாலோ உப்பும், தீப்பிடிக்கும். அதை ஹாஸ்டல் கட்டிலில் மெத்தை மேல் வைத்து, தலையணைக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க சார்ஜ் போடுபவர்கள் இருக்கிறார்கள். உப்பிய பேட்டரியை "இன்னும் ஒரு ரவுண்டு வரும்" என்று அமுக்கிப் படகுக்குள் திணிப்பவர்களும் இருக்கிறார்கள். பொருத்தமில்லாத ப்ரொப்பல்லர் பேட்டரியை அளவுக்கு மேல் கசக்குகிறது. கசங்கிய பேட்டரி அன்றைக்கே பழி வாங்காது. நாலு நாள் கழித்து சார்ஜரில் வைத்து வாங்கும்.

திட்டியது போதும், வழி?

வரிசையைத் திருப்பினால் போதும். முதலில் படகு, அதன் நீளம், எடை, எவ்வளவு வேகம் வேண்டும். இரண்டாவது எத்தனை நிமிடம் ஓட வேண்டும். மூன்றாவது பேட்டரிக் கணக்கு. நான்காவது அந்தக் கணக்குக்குள் அடங்கும் ப்ரொப்பல்லர். ஐந்தாவது அதைச் சுற்றும் மோட்டார். கடைசியில் இஎஸ்சி.

ஒரு உதாரணம். 3 செல், 2200 எம்ஏஎச் பேட்டரி. 11.1-ஐ 2.2-ஆல் பெருக்கினால் 24.4 வாட் மணி. கடைசிச் சொட்டு வரை உறிஞ்சக்கூடாது, 80 சதவீதம் மட்டும் எடுத்தால் 19.5 வாட் மணி. ஐந்து நிமிடம் ஓட வேண்டும் என்றால் சராசரி 234 வாட், கிட்டத்தட்ட 21 ஆம்பியர். இதுதான் பட்ஜெட். இதற்குள் செலவழிக்கும் ப்ரொப்பல்லர்தான் உங்கள் ப்ரொப்பல்லர். 35 ஆம்பியர் இழுத்தால் மூன்று நிமிடத்தில் கையிருப்பு காலி.

எவ்வளவு இழுக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு வாட் மீட்டரைப் பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவே மாட்டுங்கள். படகைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, பின்னால் கயிறு கட்டிப் பிடித்து, நாலைந்து நொடி மட்டும் முழு த்ராட்டில் கொடுங்கள். மேசை மேல் வெறுமனே சுற்றவிட்டு "கரன்டே இழுக்கல" என்று சந்தோஷப்படுவது, கல்யாணத்துக்கு முன்பே குடும்பச் செலவைக் கணக்குப் போடுவது மாதிரி. தொட்டியில் 36 மில்லிமீட்டர் ப்ரொப்பல்லர் 40 ஆம்பியர் காட்டினால் மோட்டாரைத் திட்டாதீர்கள். 32 மில்லிமீட்டர் போடுங்கள். ஐந்தாம் மடிக் கணக்குப்படி அது 22-க்கு இறங்கும். சுமை குறைந்து சுழற்சி கொஞ்சம் கூடுவதால் நிஜத்தில் ஒன்றிரண்டு ஆம்பியர் அதிகம் வரலாம். ஓடும் படகில் கட்டிப்போட்டதைவிடச் சற்றுக் குறையும். ஒரு ப்ரொப்பல்லரின் விலையில் மோட்டார், இஎஸ்சி, பேட்டரி மூன்றும் தப்பித்தன!

இஎஸ்சியை அளந்த கரன்ட்டைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். முடிந்தால் தண்ணீர்க் குழாய் வைத்த படகு இஎஸ்சி. வயர் நீட்ட வேண்டியிருந்தால் பேட்டரி பக்கம் நீட்டாதீர்கள், மோட்டார் பக்கம் நீட்டுங்கள். பேட்டரி வயர் நீளமானால் இஎஸ்சியின் கெப்பாசிட்டர் சீக்கிரம் போகும். பேட்டரி மேல் போட்டிருக்கும் 'சி' எண்ணைப் பாதிதான் நம்புங்கள்.

விழா நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேகத்துக்கு மட்டும் பரிசு கொடுத்தால் பர்ஸுக்குத்தான் பரிசு கொடுக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே அளவு பேட்டரி என்று விதி வையுங்கள். ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு படகையும் வாட் மீட்டரில் மாட்டி, எண்ணைப் பலகையில் எழுதுங்கள். ஒரு வாட் மணிக்கு யார் அதிக தூரம் போனார்கள் என்று ஒரு பரிசு வையுங்கள். காசு இருப்பவனும் இல்லாதவனும் ஒரே தண்ணீரில் நிற்பார்கள். ப்ராஜெக்ட்டில் கையெழுத்துப் போடும் ஆசிரியர்களும் "எவ்வளவு ஸ்பீடு?" என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை ஆம்பியர் இழுக்குது? அளந்தியா?" என்று கேட்டால், பாதிப் புகை அங்கேயே நின்றுவிடும்.

போர்வெல் கடைக்காரர் கேட்கிறாரே, அந்தக் கேள்விதான். தண்ணி எத்தனை அடியில நிக்குது? அதைக் கேட்காமல் யாராவது உங்களுக்கு மோட்டார் விற்க வந்தால், காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பி.கு.: புகை வந்த பிறகு படித்தவர்கள் மனம் தளர வேண்டாம். எரிந்த இஎஸ்சியைத் தூக்கிப் போடாமல் மேசையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு சீட்டில் அன்றைக்கு மாட்டியிருந்த ப்ரொப்பல்லரின் விட்டத்தை எழுதி வையுங்கள். அடுத்த வருடம் வரும் ஜூனியருக்கு அந்தச் சீட்டு உதவும்.